கரும்பலகை ஒன்று – கணக்கு இரண்டு!

“வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீசு வேலை” என்பது நம் நாட்டுத் திண்ணைகளிலே நெடுங்காலம் புழங்கி வந்த பழமொழி. பழமொழி பொய்க்காது என்பர். பொய்க்கும்! ஆயினும் அது பேசும் பொய்யின் மடியிலே, அதைப் பேசிய சமுதாயத்தின் மெய் ஒன்று மறைந்து கிடக்கும். கற்பிப்பவனை வக்கற்றவன் என்று அழைத்த சமுதாயம், கற்பிப்பவனுக்கு வயிறார உண்ணவும் வழி செய்யவில்லை என்பதே அந்த மெய்.

‘வக்கற்றவன்’ அன்று, ‘வாக்குக் கற்றவன்’ என்பதே மூலம் என்று இந்நாளில் சிலர் பாடபேதம் கூறி, ஆசிரியர்க்குப் பெருமை தேடித் தருகின்றனர். நல்லெண்ணந்தான், நன்றி கூறலாம். ஆனால், திருத்தப்பட வேண்டியது பழமொழியா, சம்பளப் பட்டியலா? மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வாயளவில் தெய்வத்துக்கும் முன்னே நிறுத்தப்படும் குரு, கருவூலத்தின் கணக்கேட்டில் எத்தனையாவது வரியில் நிற்கிறார்? இந்தக் கேள்வியை நம் நாட்டைப் பார்த்து மட்டுமல்ல, நாகரிகத்தில் மூத்தோம் என்று மார்தட்டும் நாடுகளைப் பார்த்தும் கேட்டாக வேண்டும்.

எந்த நாட்டு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்க்கு எவ்வளவு ஊதியம் என்று ஒப்பிடுவதற்கு இன்று பட்டியலுக்குப் பஞ்சமில்லை. பாரிசு நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு, ஆண்டுதோறும் அத்தகைய கணக்கை வெளியிடுகிறது. அதன் உச்சியிலே பல ஆண்டுகளாக வீற்றிருப்பது லக்சம்பர்க் எனும் சின்னஞ்சிறு நாடு. அங்கே, பணியில் சேரும் ஆசிரியரின் தொடக்க ஊதியமே ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாண்டும். நாட்டுக்கு நாடு விலைவாசி வேறு. ஆகவே வெறும் நாணய மாற்றுக் கணக்கில் நில்லாது, அப்பணம் அவ்வூர்க் கடைத்தெருவில் எவ்வளவு வாங்கும் என்பதையும் பார்த்தே அந்தப் பட்டியல் வகுக்கப்படுகிறது.

ஆனால் அதுவும் போதாது. ஆசிரியரின் ஊதியத்தை, அதே நாட்டில் அவரோடு ஒத்த படிப்புப் படித்து வேறு தொழிலுக்குச் சென்றவரின் ஊதியத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். செல்வத்திற் சிறந்த அமெரிக்கா, இந்த இரண்டாம் தராசில் ஏறியதும் தலை குனிகிறது. அங்கே ஆசிரியர், ஒத்த கல்வி பெற்ற பிறரைவிட வாரக் கூலியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாகப் பெறுகின்றார். 2018 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் 55 மாவட்டங்களிலும் பள்ளிக்கதவுகள் அடைபட்டன. ஆசிரியர் வீதிக்கு வந்தனர். மார்ச்சு முதல் வாரம் வரை போராடி, நூற்றுக்கு ஐந்து விழுக்காடு ஊதிய உயர்வு பெற்ற பின்னரே திரும்பினர். பின்லாந்து ஆசிரியரோ ஊதியப் பட்டியலின் உச்சியில் இல்லை. எனினும் 1970களின் இறுதி முதல் பள்ளி ஆசிரியர்க்கு முதுகலைப் படிப்பை வேண்டிய அந்நாடு, வகுப்பறையில் அவருக்கு உரிமையும் மதிப்பும் அளித்து, திறமுடைய இளைஞரைப் பணிக்கு ஈர்த்தது.

இவ்விரு தராசுகளுக்கும் அப்பால் மூன்றாவது தராசு ஒன்று உண்டு. அதுதான் வரலாற்றின் தராசு. ஒரே நாட்டில், ஒரே ஊரில், ஒரே பாடத்தை, ஒரே தகுதியோடு கற்பிக்கும் இருவர்க்கு ஒரே ஊதியம் உண்டா? ‘இந்த நாட்டின் சராசரி இவ்வளவு’ என்று பட்டியல் கூறும். அந்தச் சராசரியின் முதுகுக்குப் பின்னே மறைந்து நிற்கும் மேடும் பள்ளமும் எவ்வளவு என்று கூறாது. அதைக் காண விரும்புவோர் பட்டியலை மூடிவிட்டு, வழக்கு மன்றத்தின் கட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் என்றொரு துறைமுக நகரம். கருப்பின மாணவர்க்கெனத் தனியே அமைந்த புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவர் அலைன் பிளாக் எனும் அம்மையார். முதுகலைப் பட்டம் பெற்றவர். கற்பித்தது வெள்ளையர் பள்ளியில் கற்பிக்கப்பட்ட அதே வேதியியல்! நீரில் நீரகம் எத்தனை, உயிரகம் எத்தனை என்பதற்கு நிறத்துக்கொரு விடை இல்லை. ஆனால் அதைக் கற்பிப்பதற்கான கூலிக்கு நிறத்துக்கொரு விகிதம் இருந்தது! 1939 இல் அவர் வழக்குத் தொடுத்தார். மாநில மன்றம் வழக்கைத் தள்ளிற்று. பள்ளி வாரியமோ, மேல்முறையீட்டுக்கு இடமின்றி, அவரது பணி ஒப்பந்தத்தையே புதுப்பிக்க மறுத்துவிட்டது. ஊதியம் கேட்டவருக்கு வேலையே இல்லை என்பது விடை! அவ்வாண்டு ஜூன் திங்களில் அந்நகரத்துக் கருப்பின மக்கள், பள்ளிப் பிள்ளைகளை முன்னிறுத்தி ஊர்வலம் நடத்தித் தம் கொதிப்பைக் காட்டினர்.

ஒருவர் வீழ்ந்த இடத்தில் மற்றொருவர் எழுந்தார். அதே பள்ளியின் ஆசிரியரும் நார்ஃபோக் ஆசிரியர் சங்கத் தலைவருமான மெல்வின் ஆல்ஸ்டன், கூட்டாட்சி மன்றத்தில் வழக்கிட்டார். அந்த வழக்கின் தாள்களிலே வெளிப்பட்ட கணக்கைக் காணுங்கள். உயர்நிலைப் பள்ளியில் பணி தொடங்கும் வெள்ளை ஆடவர்க்கு ஆண்டு ஊதியம் குறைந்தது 1,200 டாலர். ஏறக்கூடிய உச்சம் 2,185 டாலர். கருப்பு ஆடவர்க்குத் தொடக்கம் 784 டாலர் 50 செண்ட். உச்சம் 1,235 டாலர். ஆல்ஸ்டன் அவ்வாண்டு பெற்றது 921 டாலர்.

இந்த எண்களை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். கருப்பு ஆசிரியர் ஒருவர், கருத்த தலை நரைக்கும் வரை கற்பித்து, ஏணியின் கடைசிப் படியில் ஏறி நின்றால் அவர் காண்பது 1,235. வெள்ளை இளைஞர் ஏணியில் வைக்கும் முதல் அடியே 1,200! ஓர் ஆயுட்காலத்து உழைப்புக்கும் ஒருநாள் அனுபவமும் இல்லாத புதுமுகத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு 35 டாலர். இருவர்க்கும் ஒரே மாநிலம், ஒரே வகைச் சான்றிதழ், ஒத்த பணி. பிறப்பினால் உயர்வு தாழ்வு என்னும் பேதமை, நம் நாட்டிலே பூணூல் அணிந்து நிற்கும். அங்கே அது சம்பளச் சீட்டில் எழுதி நின்றது.

பள்ளி வாரியம் கூறிய மறுமொழிதான் இன்னும் சுவையானது. ‘இந்த ஊதியத்துக்கு ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் தாமே? இட்ட பிறகு குறை கூற உரிமை ஏது?’ என்றது வாரியம். கீழ் மன்றம் அந்த வாதத்துக்குச் செவி சாய்த்தது. பசித்தவன் முன்னே பாதிச் சோற்றை நீட்டி, அவன் வாங்கியதும், ‘நீயே சம்மதித்தாய்’ என்று சொல்வது போன்ற வாதம் அது. 1940 ஜூன் திங்களில் மேல்முறையீட்டு மன்றம் அதை உடைத்தெறிந்தது. அரசு நிறம் பார்த்து ஊதியம் வகுப்பது, எல்லார்க்கும் சமமான சட்டப் பாதுகாப்பு எனும் அரசியல் சட்ட உரிமைக்கு முரண் என்றும், ஒப்பந்தத்தில் இட்ட கையெழுத்து அந்த உரிமையை விட்டுக் கொடுத்ததாகாது என்றும் தீர்ப்பளித்தது. வாரியம் உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. வேலை இழந்த அலைன் பிளாக் 1941 இல் மீண்டும் நார்ஃபோக் வகுப்பறைக்குத் திரும்பினார்.

இந்த வழக்குகளை நாடெங்கும் நடத்திய வழக்கறிஞர்களில் முதன்மையானவர் தர்குட் மார்ஷல். அவருடைய அன்னையார் பால்டிமோர் நகரில் கருப்பினப் பிள்ளைகளின் பள்ளி ஆசிரியை. பாதி ஊதியத்தில் முழுக் குடும்பம் நடத்தும் கலையை மார்ஷல் வீட்டிலேயே கண்டவர்! 1936 இல் மேரிலாந்து மாநிலத்தில் வில்லியம் கிப்சு எனும் கருப்பினப் பள்ளித் தலைமை ஆசிரியருக்காக அவர் தொடங்கிய ஊதிய வழக்கு முதற்கல். பள்ளிகளை நிறத்தால் பிரிப்பதே தவறு என்று 1954 இல் உச்ச நீதிமன்றத்தைக் கூறவைத்த பெரு வழக்கு, அவர் எழுப்பிய கோபுரம். 1967 இல் அதே உச்ச நீதிமன்றத்தில் முதல் கருப்பின நீதிபதியாக அவர் அமர்ந்தார். சம்பளக் கணக்கு என்று சிலர் சிறுமைப்படுத்தும் பொருளிலிருந்துதான் சமத்துவத்தின் பெரும்போர் படை திரட்டிற்று என்பதை மறத்தலாகாது.

ஆதிக்கம் ஒரு வாயிலில் துரத்தப்பட்டால் மறு வாயிலில் மாறுவேடம் பூண்டு வரும். தென் கரோலினா மாநிலத்திலே வந்தது அப்படித்தான். 1944 இல் சார்ல்ஸ்டன் நகர ஆசிரியை வயோலா டுவால் சம ஊதிய வழக்கில் வென்றார். அடுத்த ஆண்டே அம்மாநிலம் ஆசிரியர்க்கெல்லாம் தேசியத் தேர்வு ஒன்றைப் புகுத்தியது. அதில் பெறும் மதிப்பெண்ணுக்கேற்பத் தரம். தரத்துக்கேற்ப ஊதியம் என்றது. நிறம் என்ற சொல் சட்டத்திலிருந்து நீங்கிற்று. ‘தகுதி’ என்ற சொல் அந்த நாற்காலியில் அமர்ந்தது! தலைமுறை தலைமுறையாக இடிந்த கட்டடத்திலும் கிழிந்த புத்தகத்திலும் படிக்கவைக்கப்பட்டவரையும், செழித்த பள்ளியில் படித்தவரையும் ஒரே தேர்வில் உட்காரவைத்து, ‘பார், இவர் மதிப்பெண் குறைவு’ என்றனர். கால்களைக் கட்டிப் போட்டவன் ஓட்டப் பந்தயத்துக்கு நடுவனாக வந்து நின்ற காட்சி அது. தகுதி, திறமை எனும் சொற்களைக் கேட்டுக் கேட்டுச் செவி புளித்த நமக்கு, இந்தக் கதையை விளக்க உரையாசிரியர் தேவையில்லை.

தேர்வை வைத்துக் கூலியைக் குறைக்கும் இந்தக் கலைக்கு மூதாதை இங்கிலாந்திலே உண்டு. 1862 இல் இராபர்ட் லோ எனும் அமைச்சர் ‘பயனுக்கேற்ற கூலி’ என்றொரு விதியைக் கொண்டுவந்தார். ஏழைப் பிள்ளைகளின் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்து வாய்த்தது அந்த விதி. ஆறு வயதைக் கடந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வருகைக்காக 4 ஷில்லிங். ஆய்வாளர் வைக்கும் தேர்வில் தேறினால் 8 ஷில்லிங் மானியம். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் எதிலே தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்சு வெட்டு! ஆசிரியரின் ஊதியம் அந்த மானியத்தில் தொங்கியது. விளைவு என்ன? பிள்ளைகள் புத்தகத்தைப் படிக்கவில்லை, ஒப்பித்தனர். ஆய்வாளராகப் பணியாற்றிய கவிஞர் மாத்யூ ஆர்னால்டு, இது கல்வியன்று, இயந்திரத்தனம் என்று கண்டித்தார். அந்த விதி முழுவதும் மறைய அந்நூற்றாண்டின் இறுதி ஆகிவிட்டது. அதற்குள் அது கப்பலேறி இந்தியாவுக்கும் வந்து, சென்னை மாகாணத்து உதவிபெறும் பள்ளிகளிலும் கூடாரமிட்டது. 1904 இல் கர்சன் அரசு வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானமே அம்முறைக்கு முடிவுரை கூறிற்று.

நிறத்தின் கதை இது எனில், பாலின் கதை வேறொன்றா? அன்று. நியூயார்க் நகரத் தொடக்கப் பள்ளியில் ஆணுக்குத் தொடக்க ஊதியம் 900 டாலர், பெண்ணுக்கு 600 டாலர் என்றிருந்தது. கிரேஸ் ஸ்ட்ராக்கன் எனும் அம்மையார் தலைமையில் ஆசிரியைகள் ஆண்டுக்கணக்கில் போராடினர். ‘ஆண் குடும்பம் காப்பவன், பெண்ணுக்கு எதற்குச் சம ஊதியம்?’ என்றனர் எதிர்த்தோர். மணமாகாத ஆணுக்கும் 900 கொடுத்தீரே, தாய் தந்தையரைத் தாங்கும் பெண்ணுக்கு 600 தானே கொடுத்தீர் என்று கேட்டால் விடை ஏது? 1911 இல் சம ஊதியச் சட்டம் நிறைவேறியது. ஒரே கல்வித் தகுதிக்கும் பணியாண்டுக்கும், தொடக்கப் பள்ளியாயினும் உயர்நிலைப் பள்ளியாயினும், ஒரே ஊதியம் எனும் முறையை 1921 இல் டென்வர், டி மாய்ன் நகரங்கள் தொடங்கிவைத்தன. பின்னர் அது அமெரிக்கா எங்கும் பரவிற்று.

இங்கிலாந்தின் கதை இதனினும் விந்தை. 1919 இல் பர்ன்ஹாம் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு நாடு முழுமைக்கும் ஆசிரியர் ஊதிய விகிதம் வகுத்தது. ஆண் ஆசிரியர்க்கு ஐந்து பங்கு எனில், ஆசிரியைக்கு ஏறத்தாழ நான்கு பங்கு! 1944 மார்ச்சு 28 அன்று, கல்வி மசோதாவின்மீது தெல்மா கசலட்-கியர் எனும் பெண் உறுப்பினர் சம ஊதியத் திருத்தம் கொணர்ந்தார். 117 வாக்குகள் ஆதரவு, 116 எதிர்ப்பு, ஒரே வாக்கில் நீதி வென்றது! இட்லரின் குண்டுமழைக்கு அஞ்சாத பிரதமர் சர்ச்சில், ஆசிரியைகளின் சம ஊதியத்துக்கு அஞ்சினார்! அதை ஆட்சிமீதான நம்பிக்கைப் பிரச்சினையாக்கினார். இரண்டே நாளில் 425 வாக்குகளுக்கு 23 என்ற கணக்கில் திருத்தம் புதைக்கப்பட்டது. உலகத்தின் விடுதலைக்காகப் போர் புரிவதாகச் சொன்ன மன்றம், தன் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பெண்ணுக்கு ஐந்தாவது பங்கைத் தர மறுத்தது. 1955 இல் தொடங்கி, ஆண்டுக்கொரு சிறு தவணையாக அளந்து அளந்து கொடுத்து, 1961 இல்தான் அங்கே ஆசிரியைகள் முழுச் சமம் எய்தினர். சட்டம் இயற்ற ஒரு நாள் போதும். ஆதிக்கத்தின் கைப்பிடி தளர ஆண்டுகள் பல வேண்டும் போலும்!

கற்பிக்கும் பிள்ளை சிறியதாயின் கூலியும் சிறியது என்னும் ஏற்றத்தாழ்வைக் காண ஜெர்மனி செல்ல வேண்டும். 1779 இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக், போரில் ஊனமுற்ற படைவீரரைச் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராக அமர்த்துமாறு ஆணையிட்டார். அவர்க்குப் பிழைப்பு வேண்டும். பள்ளிக்கு மலிவான ஆள் வேண்டும். உழவன் பிள்ளைக்கு அது போதும் என்பது மன்னர் கணக்கு! மறுபுறம், மேட்டுக்குடிப் பிள்ளைகள் பயிலும் ஜிம்னாசியம் எனும் உயர்பள்ளியின் ஆசிரியர்க்கு 1810 இல் அரசுத் தேர்வு வந்தது. அவர் அறிஞர் ஆனார், அரசு அலுவலர் ஆனார். நெடிய கிளர்ச்சிக்குப் பின் 1909 இல் பிரஷ்யாவில் நீதிபதிக்கு இணையான ஊதியமும் பெற்றார். அந்தப் பிளவின் தழும்பு நெடுநாள் மாறவில்லை. ஜிம்னாசிய ஆசிரியர்க்கு 13 ஆம் ஊதியப் படி, தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு 12 ஆம் படி என்பதே பல மாநிலங்களின் வழக்கமாயிற்று. தொடக்கப் பள்ளியில் கற்பிப்போர் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். பெர்லின் 2017 இல் தொடக்கப் பள்ளி ஆசிரியரையும் 13 ஆம் படிக்கு உயர்த்தியது. நார்த் ரைன் – வெஸ்ட்பாலியா மாநிலம் 2022 நவம்பர் தொட்டு 2026 வரை படிப்படியாக உயர்த்தும் திட்டம் வகுத்தது. அடித்தளத்தைக் கட்டுபவனுக்கு அரைக்கூலி, மாடத்தைக் கட்டுபவனுக்கு முழுக்கூலி என்றால் மாளிகை எங்ஙனம் நிலைக்கும் என்பதை உணர இத்தனை காலம் ஆயிற்று.

போராட்டம் இன்றி, அரசே முன்வந்து உயர்த்திய நாடு இல்லையா எனில், ஜப்பானைச் சொல்லலாம். அங்கும் நம் பழமொழிக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: வேறு வழியில்லை, ஆசிரியராகவாவது ஆவோம் என்று வந்தவர், ஆசிரியர் வேலை தவிர வேறெதற்கும் ஆகாதவர் என்று ஆசிரியரை எள்ளும் வழக்கு, தொழில்கள் செழித்த காலத்தில் அங்கே எழுந்தது. தொழிற்சாலைகள் அள்ளிக் கொடுத்தன. பட்டதாரிகள் அங்கே பறந்தனர். அரசு விழித்தது. ஆசிரியர் ஊதியம் பொது அரசு அலுவலர் ஊதியத்தினும் மேலாக அமைய வேண்டும் என்று 1974 இல், தனாகா ககுவே பிரதமராக இருந்தபோது, சட்டமே இயற்றியது. ஊதியம் படிப்படியாக உயர்ந்தது, ஆசிரியப் பணிக்குப் போட்டி வந்தது, எள்ளல் ஓய்ந்தது. பழமொழியைத் திருத்தியவர் புலவர் அல்லர், கருவூலத்தார்!

ஆனால் அங்கும் ஒரு முள் தங்கிற்று. கூடுதல் நேர உழைப்புக்குத் தனிக்கூலி இல்லை; அதற்கு ஈடாக மாத ஊதியத்தில் நூற்றுக்கு 4 என்று 1971 சட்டம் வகுத்திருந்தது. 1966 இல் எடுத்த கணக்கின்படி மாதத்துக்கு ஏறத்தாழ 8 மணி நேரமே கூடுதல் உழைப்பு. வேலை பன்மடங்கு பெருகிய பின்னும் அந்த நான்கு நான்காகவே நின்றது. இளைஞர் மீண்டும் முகம் திருப்பினர். பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை. 2025 இல் சட்டம் திருத்தப்பட்டு, அந்த நான்கினைப் படிப்படியாகப் பத்தாக உயர்த்த முடிவாயிற்று. மதிப்பு என்பது ஒருமுறை கொடுத்துவிட்டு உறங்கும் பொருளன்று. உழவனின் வரப்பைப் போல ஆண்டுதோறும் அணைத்துக் காக்க வேண்டிய பொருள்.

இத்தனை நாடுகளிலும் ஒலித்த ஒரு சொல் உண்டு: ‘ஆசிரியப் பணி புனிதப் பணி; புனிதத்துக்கு விலை பேசலாமா?’ கேட்பதற்கு இனிய சொல். ஆனால் புனிதம் என்ற சொல் எங்கே மிகுதியாக ஒலிக்கிறதோ, அங்கே பணப்பை இறுகக் கட்டப்பட்டிருக்கும்! நம் புராணமும் இதற்குச் சான்று பகரும். துரோணர் அரண்மனைச் சோறு உண்டார். அரச குமாரர்க்கு வில் கற்பித்தார். காட்டு வேடன் மகன் ஏகலைவனுக்குக் கற்பிக்க மறுத்தார். மறுத்த பின்னும் தட்சணை கேட்டார். கேட்டது கட்டை விரலை! கூலி கொடுப்பவன் யாரோ அவன் பிள்ளைக்கே கல்வி என்பதுதான் அக்கதையின் பொருளியல். ஆசிரியருக்குப் பொதுக் கருவூலம் ஊதியம் அளிக்கும்போதுதான் அவர் எல்லார் பிள்ளைக்கும் ஆசிரியர் ஆகிறார். ஆகவே, ஆசிரியர் ஊதியம் ஆசிரியரின் வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று. ஏகலைவன்களின் விரல் பிரச்சினை!

தமிழகம் இந்த உண்மையை உணராத மண் அன்று. தனியார் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர், ஓய்வுற்றதும் கையேந்தி நின்ற நிலை மாற, 1955 இல் காமராசர் ஆட்சியில் சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் என்னும் மூன்று நன்மைகளும் ஒருங்கே அளிக்கப்பட்டன. பெருமைப்படலாம். ஆனால் மூன்றாவது தராசை அயல்நாட்டுக்கு மட்டும் எடுத்துச் சென்றுவிட்டு, நம் வீட்டு வாயிலில் மறைத்து வைப்பது நேர்மை ஆகாது.

2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்க்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தோர்க்கு 5,200 ரூபாய் என்றும் வகுக்கப்பட்டது. அதே தகுதி, அதே பாடநூல், அதே பள்ளி. இடையே ஓர் இரவு! அந்த ஓர் இரவின் விலை மாதம் 3,170 ரூபாய். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் 2018 இலும் 2022 இலும் சென்னையில் உண்ணாநோன்பு இருந்தனர். 2012 இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டபோது, மாதத்துக்கு அளிக்கப்பட்டது 5,000 ரூபாய். ‘ஒப்புக்கொண்டுதானே வந்தீர்கள்?’ என்று அவர்களைக் கேட்போர் உண்டு. நார்ஃபோக் பள்ளி வாரியம் கேட்ட கேள்வி அது! 1940 இலேயே ஒரு மன்றம் அதற்கு விடை எழுதி வைத்திருக்கிறது.

நிறம், பால், பிள்ளையின் வயது, தேர்வு மதிப்பெண், பணியில் சேர்ந்த நாள் – எத்தனை எத்தனை காரணங்கள்! காரணம் மாறிக்கொண்டே வருகிறது. விளைவு மாறவில்லை: ஒரே கரும்பலகைக்கு இரண்டு கணக்கு. எங்கெல்லாம் அந்த இரண்டு ஒன்றாயிற்றோ, அங்கெல்லாம் ஒன்றாக்கியது அருள் அன்று. கேட்ட வாய்களும், வாதிட்ட அறிவும், வகுத்த சட்டமுமே.

1966 அக்டோபர் 5 அன்று பாரிசில், உலகத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் கூட்டிய மாநாடு ஆசிரியர் நிலை குறித்த பரிந்துரையை ஏற்றது. ஒத்த தகுதி வேண்டும் பிற பணிகளின் ஊதியத்தோடு ஒப்பிடுகையில் ஆசிரியர் ஊதியம் குறைவுபடாது அமைய வேண்டும் என்று அது கூறிற்று. அந்த நாளே 1994 முதல் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நாமோ செப்டம்பர் 5 அன்று மாலை சூட்டுகிறோம், மேடையேற்றுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம்.

சூட்டுங்கள், வேண்டாமென்பார் இல்லை. ஆனால் மாலை மறுநாள் வாடும். அதைக் கழுத்தில் ஏந்தி வீடு திரும்பும் பகுதிநேர ஆசிரியரை, அவர் மகள் வாயிலில் நின்று, ‘அப்பா, என் பள்ளிக் கட்டணம்?’ என்று கேட்டால், அவர் என்ன விடை கூறுவார்? அந்த விடையை எழுத வேண்டியவர் அவர் அல்லர், நாம்!